அஞ்சாம் நம்பர் குப்பி

ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் ஜனங்களே, நம்ம வாட்ஸ்அப் குரூப்புல இதுவரைக்கும் ஒரு குட்மார்னிங் பூவுக்குக்கூட நான் பதில் போட்டதில்ல. யாரோட பேரன் எந்த காலேஜுல சேர்ந்தான்னு வந்த படத்துக்குக் கை தட்டினதில்ல. இன்னிக்கு மட்டும் ஏன் இவ இவ்வளவு நீளத்துக்கு எழுதறாள்னு கேப்பீங்க. எரிச்சல்தான், வேற என்ன. வயசானா மனசு பக்குவப்படும்னு சொல்றவங்க யாரும் நம்ம குரூப்புல இல்ல போலிருக்கு.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தண்ணி டேங்க் வீட்டுக்காரன், மூணாங்கிளாஸ்ல இருந்து என்கூட ஸ்கூலுக்கு நடந்து வந்தவன், இப்போ நசரத்பேட்டையில மக வாங்கின ஃப்ளாட்டுல இருக்கான். போன மாசம் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு சுருண்டு விழுந்தான். ஸ்கேன் எடுத்தாங்க. கிட்னியில இருந்து கீழ இறங்குற குழாயில கல்லு அடைச்சிருக்கு, கிட்னி வீங்க ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இந்த மகராசன் என்ன பண்ணான்? அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து குரூப்புல போட்டு, "ஃப்ரெண்ட்ஸ், உங்க அபிப்பிராயம் என்ன?"ன்னு கேட்டான்.

யார்கிட்ட கேட்டான்? மூணு ரிடையர்டு ஃபோர்மேன், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், நாலு கோயில் கமிட்டி மெம்பர், மிச்சம் எல்லாம் என்னை மாதிரி முட்டி வலிக்காரங்க. அரை மணி நேரத்துல இருபது வைத்தியம் வந்து விழுந்துச்சு. வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில், ரணகள்ளி, மூக்கிரட்டை, கொள்ளு ரசம். ஒருத்தர் பீர்னு போட்டுட்டு, பொண்டாட்டி பாத்துட்டாங்களோ என்னவோ, உடனே அழிச்சாரு. ஒருத்தருக்காவது "டாக்டர் சொன்னதைக் கேளுடா"ன்னு நாலு வார்த்தை எழுத விரல் வரல.

அதுக்கு மேல வந்ததுதான் அந்தப் படம். நம்ம ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் மாமாவோட பையன், இப்போ கோவில்பதாகையில இருக்கிறவன், அவங்கப்பா வச்சிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து போட்டோ போட்டான். பஞ்சு மேல அஞ்சு சின்ன ஊசி மருந்துக் குப்பி. ஒவ்வொண்ணுலயும் ஒரு கல்லு, ஒரு நம்பர், மூடி மேல பச்சைப் பெயின்ட். "எங்கப்பா காலத்து ஆதாரம். இதுக்கு மேல என்ன வேணும்?"னு கீழ எழுதியிருந்தான். கை தட்டல் வந்து குவிஞ்சுச்சு.

போன ஞாயித்துக்கிழமை தண்ணி டேங்க் வீட்டுக்காரன் எழுதினான். "வலி சுத்தமா போயிடுச்சு. கல்லு கரையுது. ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்திட்டேன். மாமா சொன்ன மாதிரியே தினமும் ஒண்ணுக்கைத் துணியில வடிகட்டிப் பாக்கறோம். என் பேத்திதான் இன்ஸ்பெக்டர்!" பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி மூணு.

எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க. நான் சந்தோஷப்படல. வலி போயிடுச்சுன்னு இதே மாதிரி ஒரு மனுஷன் சிரிச்சதை நான் பத்து வயசுல பாத்தவ. அது எங்கப்பா.

உங்கள்ல பாதிப் பேருக்கு எங்கப்பாவை ஞாபகம் இருக்கும். ஒல்லியா, குரலே எழும்பாத மனுஷன். வேலூர் பக்கத்துல இருந்து வந்து ஃபாக்டரியில சேர்ந்தவர். பழுக்கக் காஞ்ச இரும்பை எண்ணெயில முக்கி எடுக்கிற செக்‌ஷன். அவர் சட்டையை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்தக் கருகின எண்ணெய் வாசனை போகாது. எனக்கு அந்த வாசனை புடிக்கும். சாயங்காலச் சங்கு ஊதினதும் குவார்ட்டர்ஸ் ரோடு முழுக்க சைக்கிள் மணி கேக்குமே, அதுல எங்கப்பா சைக்கிளை மூக்காலயே கண்டுபுடிப்பேன்.

அந்த ஷெட்டுல தண்ணிப் பானை இந்தக் கோடியில, கக்கூஸ் அந்தக் கோடியில. ரெண்டு தடவை எழுந்து போனா மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பாப்பாராம். அதனால அப்பா ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு டம்ளர் தண்ணிதான் குடிப்பாரு. அதைப் பெருமையா வேற சொல்லிக்குவாரு. உலை முன்னாடி எட்டு மணி நேரம் நின்னு வேர்த்து ஊத்துற மனுஷனுக்கு ஒரு டம்ளர் தண்ணி. கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்க ஜோசியர் வேணுமா?

அந்த வருஷம் பொங்கலன்னிக்கு, வாயில கரும்போட, அப்பா அப்படியே முன்னால மடிஞ்சு உக்காந்தாரு. அம்மா ஓமத் தண்ணி கொடுத்தாங்க. அவர் சிவப்பு சிமென்ட் தரையில இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உருண்டாரு. எங்கப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஃபாக்டரி ஆஸ்பத்திரியில ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, அந்த டாக்டர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு அம்மாகிட்ட காட்டினாராம். பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையா இருந்துச்சாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தாரு. நல்ல டாக்டர். குறை சொல்ல முடியாது.

லெட்டர் போய் சாமி அலமாரியில உக்காந்துச்சு. ஏன்னா அப்போ ஆபரேஷன்னா விலாவைக் கிழிக்கிறது. அடுத்த பிளாக்குல ஒருத்தருக்குப் பண்ணியிருந்தாங்க. கோணி ஊசியில தைச்ச மாதிரி தழும்பு. அதைவிட, திரும்பி வந்ததும் அவருக்கு லைட் டியூட்டி போட்டாங்க. டூல் ரூம் ஜன்னல்ல உக்காந்து, டோக்கனை வாங்கிக்கிட்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற வேலை. எங்கப்பாவுக்குக் கத்தியைவிட அந்த ஜன்னல்தான் பயம். "உலையில நின்னவன் நான், டோக்கன் கொடுக்கிறதா"ன்னு அம்மாகிட்ட முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு.

பயந்தவன் வீட்டு வாசல் எப்பவும் திறந்தே இருக்கும் போல. ஒரு வாரம் முழுக்க ஊரே வந்துச்சு. தஞ்சாவூர்க்காரங்க வாழைத்தண்டுச் சாறு. கோயம்புத்தூர் பக்கத்துல இருந்து வந்தவங்க, போகிக்குக் காப்புக் கட்டின சிறுபீளையில மிச்சம் இருந்ததை முறத்தோட கொண்டாந்தாங்க. மதுரைக்கார அத்தை முள்ளங்கி. கேன்டீன் சித்தப்பா மஞ்சப்பையில எதையோ சுத்திக் கொண்டாந்து அப்பா காதுல ஏதோ சொல்ல, அம்மா அவரைக் கரண்டியோட துரத்தினாங்க. தக்காளியில கை வைக்காதேன்னு ஒருத்தர், தக்காளி மட்டும் சாப்பிடுன்னு ஒருத்தர். ஒவ்வொருத்தரும் அவங்க ஊர்ல ஒரு பெரியப்பாவுக்கு ஒரே ராத்திரியில கல்லு தூளாப் போச்சுன்னு சொன்னாங்க. அந்தப் பெரியப்பாக்கள்ல ஒருத்தரையும் யாரும் பாத்ததில்ல.

அப்புறம்தான் பிஸ்கட் டப்பாவோட இன்ஸ்பெக்டர் மாமா வந்தாரு. திருநெல்வேலிக்காரர். ஃபாக்டரியில சாமான் எல்லாம் அவர் கையால அளந்து பாத்த பிறகுதான் வெளிய போகும். சரியா இருந்தா பச்சைப் பெயின்ட், சரியில்லைன்னா சிவப்பு. பச்சை வச்ச சாமானை அதுக்கப்புறம் எவனும் தொடக்கூடாது. மறுபடி அளக்கக்கூடாது. அதுதான் அங்க சட்டம். அவர் சட்டைப் பையில எப்பவும் வெர்னியர் அளவுகோல் நீட்டிக்கிட்டிருக்கும். எங்க வீட்டு இட்லியையே ஒரு தடவை அளந்து பாத்த ஆசாமி.

டப்பாவைத் திறந்தாரு. அப்போ நாலு குப்பி இருந்துச்சு. "பாத்துக்கிடும் வே. இது பெயின்ட் ஷாப் டிரைவருக்கு வந்தது, மூணு மில்லிமீட்டர். இது என் மச்சினனுக்கு, ரெண்டே முக்கால். எல்லாம் சிறுபீளையும் நெருஞ்சியும். உமக்கு எதுக்கு ஓய் கத்தி? நான் அளந்து காட்டுதேன்."

அப்பா அந்தக் குப்பிகளைப் பாத்த பார்வை எனக்கு இன்னும் மறக்கல. சாமி படத்தை அப்படிப் பாத்தவர் இல்ல அவர்.

அன்னிக்கு யாரும் கேக்காத கேள்வியை இப்போ நான் கேக்கறேன். மாமா வைத்தியத்துல எத்தனை பேர் குடிச்சாங்க? எத்தனை பேருக்குக் கல்லு வரவே இல்ல? அவங்களுக்குக் குப்பி எங்க? ஃபாக்டரியில ரிஜெக்ட் ஆன சாமானுக்குத் தனி ரெஜிஸ்டர் வச்சு, அதுல ஒரு போல்ட் விட்டுப்போனாக்கூட சாமியாடின மனுஷன், வீட்டுல சிவப்புப் பெயின்ட்டு டப்பாவே வைக்கல. வந்ததை மட்டும் பஞ்சுல வச்சாரு. வராதவன் சரியாக் குடிக்கலைன்னு சொல்லிட்டாரு. இதுக்குப் பேரு இன்ஸ்பெக்‌ஷனாம். தூ!

எனக்கு வந்து விழுந்த வேலையைக் கேளுங்க. தினமும் ஸ்கூலுக்கு முன்னாடி தூக்கை எடுத்துக்கிட்டு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போகணும். நெருஞ்சில் புடுங்கணும். அந்த முள்ளு செருப்பைத் தாண்டி ஏறும். திரும்பி வர்றப்போ கரையோரம் கீரைக்கூடை வச்சிருக்கிற அம்மாகிட்ட ஒரு துண்டு வாழைத்தண்டு வாங்கணும். வீட்டுக்கு வந்து அம்மியில அரைக்கணும். தண்டு நார் விரல்ல சுத்திக்கும். ஸ்கூல்ல கணக்கு எழுதுறப்போ கூட அந்தப் பச்சை வாசனை கையில அடிக்கும்.

அந்தக் கீரைக்காரம்மா ஒரு நாள் கேட்டாங்க. "இன்னா கண்ணு, டெய்லி தண்டு வாங்கிகினு போறே? ஊட்ல யாருக்கு?"

"அப்பாவுக்குக் கல்லு."

"ஒங்க நைனா எங்க வேல செய்றாரு?"

"உலையில."

"தண்ணி நல்லா குடிக்கிறாரா?"

"ஒரு டம்ளர்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "அட இன்னா ஜனங்கடா சாமி. அந்தாளு குடம் குடமா தண்ணி குடிக்கட்டும், பெரிய டாக்டராண்ட போவட்டும். நான் தண்டு விக்கிறவ, நானே சொல்றேன் கேட்டுக்க"ன்னாங்க. அந்த சீசன் முழுக்க எங்க காதுல விழுந்த ஒரே உருப்படியான பேச்சு அதுதான். நான் வீட்டுல வந்து சொன்னேன். "கீரைக்காரிக்கு என்ன தெரியும்?"னு மாமா சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம்.

அப்பா காலையில தண்டுச் சாறு, பத்து மணிக்கு ஃபாக்டரிக்குக் கொண்டுபோன சிறுபீளைக் கஷாயம், சாயங்காலம் நெருஞ்சில். பாதி நாள் வாந்தி. முதுகுல அந்த வலி விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போறப்பவும் அதைப் பழைய வேட்டித் துணியை வாய்ல கட்டின மக்குல வடிகட்டணும், துணியைக் காய வைக்கணும், மறுநாள் காலையில அதை விரிச்சுப் பாக்கணும். இது மாமா போட்ட உத்தரவு. எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்னு பாத்து எழுதுற வேலையும் என் தலையில. ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, குடிச்சது, வந்ததா. வந்ததா கட்டத்துல நான் தினமும் எழுதினது ஒரே வார்த்தை. இல்லை.

ஞாயித்துக்கிழமை மாமா நோட்டை வாங்கிப் பாப்பாரு. எங்கப்பா அவர் முன்னாடி எழுந்து நிப்பாரு. சொந்த வீட்டுல, சொந்த நாற்காலியை விட்டு எழுந்து. "என்னவே, ஒரு மாசம் ஆச்சு. நீரு ஒழுங்காக் குடிக்கேரா இல்லையா? மத்தவனுக்கெல்லாம் வந்துட்டுல்லா?"ம்பாரு. அப்பா தலையைக் குனிஞ்சுக்குவாரு. "குடிக்கிறேன் அண்ணாச்சி. நாளையில இருந்து இன்னும் ஒரு டம்ளர் சேத்துக் குடிக்கிறேன்"ம்பாரு. கல்லு வராததுக்கு மன்னிப்புக் கேட்ட மனுஷனை நீங்க பாத்திருக்கீங்களா? நான் வாராவாரம் பாத்தேன். எனக்கு அந்த மாமா கழுத்தைக் கடிக்கணும் போல இருக்கும்.

மாசி கடைசியில ஒரு நாள் காலையில துணியில கல்லு இருந்துச்சு.

அப்பா துணியை விரிச்சவர் அப்படியே நின்னாரு. அப்புறம் என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினாரு. பத்து வயசுப் பொண்ணை! அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாங்க. மாமா பனியனோட, கையில வெர்னியரோட வந்து சேர்ந்தாரு. வெளிச்சத்துல புடிச்சு மூணு தடவை அளந்தாரு. "நாலரை மில்லி. ஒரு பக்கம் கறுப்பா இருக்கு பாத்தீரா? ரத்தம் உறைஞ்சு ஒட்டியிருக்கு. உள்ள அறுத்துக்கிட்டு வந்திருக்கு சவம்."

அம்மாதான் மெதுவாக் கேட்டாங்க. "எக்ஸ்ரேயில பெருசா இருந்துச்சே அண்ணா?"

"அதான் தங்கச்சி மூலிகை! அரிச்சு அரிச்சு இத்துனூண்டாக்கித் தள்ளிட்டுல்லா."

எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வச்சிருக்கிற ஆளைக் கண்டா எட்டி நில்லுங்க. அன்னிக்கே கல்லு அஞ்சாம் குப்பிக்குள்ள போச்சு. லேபிள்ல என் கையாலயே எழுதினேன். ஐந்து. நாலரை மில்லி. உறைந்த ரத்தத்துடன். மூடி மேல மாமா பச்சைப் பெயின்ட் வச்சாரு. சாயங்காலம் பிளாக்கு முழுக்க ஜாங்கிரி கொடுத்தோம். நீங்களும் சாப்பிட்டிருப்பீங்க.

அதோட வலியும் நின்னு போச்சு. நிஜமாவே நின்னு போச்சு. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்து சொன்னாங்க. "கல்லுதான் கையில இருக்கே, எதுக்கு எக்ஸ்ரே?"ன்னு அப்பா சிரிச்சாரு. மாமா பச்சை வச்ச சாமானை யாரு மறுபடி அளப்பாங்க? சாமி அலமாரியில இருந்த லெட்டரை எடுத்து அதுல எனக்குக் கப்பல் செஞ்சு கொடுத்தாரு. அந்தக் கோடை முழுக்க எங்கப்பா பாட்டுப் பாடிக்கிட்டே சைக்கிள் மிதிச்சாரு.

எக்ஸ்ரே ரூம்ல "மூச்சை இழுத்து நிறுத்துங்க"ன்னு சொல்லியே முப்பது வருஷம் ஓட்டினவ நான். டாக்டர் இல்ல. ஆனா ஒண்ணு டாக்டர்கள் வாயால நூறு தடவை கேட்டிருக்கேன். குழாய் அடைச்சுக்கிட்டு கிட்னி வீங்கிக்கிட்டே போறப்போ, ஒரு கட்டத்துல வலி தானா நின்னுடலாம். கல்லு போனதால இல்ல. உள்ள கிட்னி வேலை செய்றதை விட்டுடறதால. வலி இல்லாதது நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு படம் எடுத்துப் பாக்காம எவனாலயும் சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில அப்பாவுக்குக் குளிர் ஜுரம். ரெண்டு கம்பளி போத்தியும் பல்லு கிட்டுச்சு. மலேரியான்னு நினைச்சோம். பட்டணத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இடது கிட்னி சீழ் கட்டின பையா இருந்துச்சு. மொத்தமா எடுத்துட்டாங்க. பத்து நாள் எங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தாங்க, அவர் பிழைப்பாரா மாட்டாரான்னு தெரியாம.

பிழைச்சு வந்தாரு. ஒரு சின்ன பாட்டில்ல, உள்ள இருந்து எடுத்த கல்லை ஆஸ்பத்திரியில கொடுத்து அனுப்பியிருந்தாங்க. புளியங்கொட்டையில பாதி. எக்ஸ்ரேயில பாத்தது அப்படியே, ஒரு ஓரம்கூட அரிபடாம. மாமா பாக்க வந்தாரு. அப்பா கட்டில்ல சாஞ்சுக்கிட்டு அந்த பாட்டிலை அவர்கிட்ட நீட்டினாரு.

"அண்ணாச்சி, கல்லு இதுதான்னா, அப்போ நாம வச்சிருக்கிறது என்ன?"

மாமா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அது ஒண்ணு, இது ஒண்ணு வே. உமக்கு ரெண்டு கல்லு இருந்திருக்கு. சின்னதை மூலிகை தள்ளிட்டு. பெருசுக்கு நீரு தொடர்ந்து குடிச்சிருக்கணும், நிறுத்திட்டீரு."

சொல்லிட்டு வெர்னியரை எடுத்தாரு பாருங்க, அந்தக் கல்லை அளக்க. ஆறாம் குப்பிக்காம்! எங்கம்மா அதுவரைக்கும் யாரையும் மரியாதை இல்லாம ஒரு சொல்லு சொன்னவங்க இல்ல. பாட்டிலை அவர் கையில இருந்து புடுங்கி, "எழுந்து வெளிய போயா"ன்னாங்க. மாமா போனாரு. டப்பாவும் அஞ்சு குப்பியோட பத்திரமா போச்சு.

அப்பாவுக்கு லைட் டியூட்டி போட்டாங்க. அதே டூல் ரூம் ஜன்னல். டோக்கனை வாங்கிக்கிட்டு ஸ்பேனர் கொடுத்தாரு. சட்டையில அந்த எண்ணெய் வாசனை போயிடுச்சு. பத்து வருஷத்துல மிச்சம் இருந்த ஒண்ணும் ஓய்ஞ்சு போய், அவரும் போயிட்டாரு.

இவ்வளவு நேரம் மாமாவைத் திட்டினேன், உங்களைத் திட்டினேன், மேஸ்திரியைத் திட்டினேன். ஒரு ஆளை மட்டும் தாண்டி வந்துட்டேன்.

"அப்போ நாம வச்சிருக்கிறது என்ன?"ன்னு எங்கப்பா கேட்டப்போ, அதுக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த ரூம்ல நான்தான். கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் திறக்கல.

மாசி மாசம் நம்ம குவார்ட்டர்ஸ் ரோட்டுக்குத் தார் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஸ்கூல் விட்டு வர்றப்போ ஓரத்துல சிதறிக் கிடந்த ஜல்லித் தூள்ல இருந்து ஒரு பொடிக் கல்லைப் பொறுக்கினேன். பாவாடை முடிச்சுல வச்சுக்கிட்டேன். மறுநாள் அது ஞாயித்துக்கிழமை. மாமா நோட்டு பாக்க வர்ற நாள். அப்பா மறுபடி எழுந்து நிக்கணும், தலையைக் குனியணும். விடிஞ்சதும் கொடியில காஞ்சுக்கிட்டிருந்த துணி மடிப்புல அந்தக் கல்லை வச்சுட்டுப் போய் படுத்துக்கிட்டேன். அவ்வளவுதான். எங்கப்பா ஒரு நாளாவது பாஸாகட்டும்னு நினைச்சேன். முள்ளு குத்தாம ஸ்கூலுக்குப் போலாம்னும் நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவர் என்னைத் தூக்கிச் சுத்தினப்போ சொல்லியிருக்கலாம். ஜாங்கிரி கொடுத்தப்போ சொல்லியிருக்கலாம். லெட்டரைக் கப்பலா மடிச்சப்போ சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு, எனக்கு மனசு வரல. கத்தியில கிழிச்சிருந்தா தழும்போட ரெண்டு கிட்னியும் இருந்திருக்குமோ என்னவோ. அந்த எக்ஸ்ரேவுக்குப் போக விடாம பண்ணது சிறுபீளையும் இல்ல, மாமாவும் இல்ல. நான்தான். எனக்கு என்மேல இருக்கிற வெறுப்புக்கு முன்னால, உங்கமேல இருக்கிறது ஒண்ணுமே இல்ல.

மாமா பையா, உனக்கு என்மேல கோவம் வரும். வரட்டும். டப்பாவைத் திற. அஞ்சாம் குப்பியோட பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிட்டுக் கல்லை வெளிய எடு. கறுப்பா இருக்கிற பக்கத்தைத் தீக்குச்சியில காட்டு. உங்கப்பா ரத்தம்னு சொன்னது அப்போ தார் வாசனை அடிக்கும்.

அப்போ செடி எல்லாம் சுத்தப் பொய்யான்னு கேட்டு யாராவது சண்டைக்கு வருவீங்க. அப்படி நான் சொல்லல. எலிக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க, கண்ணாடிக் குழாயில போட்டுப் பாத்திருக்காங்க, மனுஷங்ககிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் பாத்திருக்காங்க. ஏதோ இருக்கலாம். குழாயை அடைச்சு உக்காந்த கல்லை இது கரைச்சுடும்னு நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிற அளவுக்கு ஒண்ணும் நிரூபிக்கல. சின்னக் கல்லு பெரும்பாலும் தண்ணி குடிச்சாலே தானா வந்துடும். மாமாவோட முதல் நாலு குப்பியும் அதுதான். சோர்ந்துபோன கிட்னிக்குச் சில சாறு கெடுதலும் பண்ணும். தண்டு சாப்பிடணும்னா பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும்.

டேய் தண்ணி டேங்க் வீட்டுக்காரா, இது உனக்காகத்தான் எழுதினேன். டாக்டர் சொன்ன ரெண்டு வாரம் முடிஞ்சு இன்னிக்கோட ஆறு நாள் ஆச்சு. இப்போ எங்கப்பா காலத்துக் கத்திகூட இல்ல. முக்கால்வாசி தழும்பே இல்லாம எடுத்துடறாங்க, உனக்குத் தெரியாததா? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆட்டோவோட உன் ஃப்ளாட்டு வாசல்ல நிப்பேன். பழைய ஸ்கேனை எடுத்துக்கிட்டு சட்டையைப் போட்டுக்கிட்டு இறங்கி வா. நேரா ஆஸ்பத்திரிதான்.

ஒருவேளை நான் வர்றதுக்குள்ள உன் துணியில கல்லு ஏதாவது வந்திருந்தா, யாருக்கும் போட்டோ போடாதே, என் பேச்சைக் கேளு. உன் பேத்தியைத் தனியாக் கூப்பிடு. திட்டாம, தாத்தாவுக்காக எங்கேருந்து எடுத்தேம்மான்னு கேளு.